ஆற்றோரம் தொங்கிய எர்கெஷ்

மூன்று வருஷத்துக்கு முன்னால் எர்கெஷ் தன் முகத்தை அச்சடித்து மொத்த விற்பனைக்கு விட்டான். மஞ்சள் பிளாஸ்டிக் பை, நடுவில் அவன் சிரிப்பு. தலையில் வெள்ளைக் கல்பாக் தொப்பி, மூக்குக்குக் கீழே லாடம் போல வளைந்த மீசை, மீசைக்குக் கீழே இடது பக்கம் மின்னும் தங்கப்பல். அடியில் ஒரு வரி: 'எர்கெஷ் கடை. நம்பி வாங்க, சிரிச்சுட்டுப் போங்க.'

முதல் கட்டு வந்த அன்று தால்-கெச்சு சந்தை முழுக்க அதைத் தூக்கிக்கொண்டு நடந்தான். முகத்திரையை விலக்கிப் புதுப்பெண்ணைக் காட்டுகிறவன் மாதிரி ஒவ்வொரு கடை வாசலிலும் பையை விரித்து, "கொரும்துக் எங்கே?" என்று கை நீட்டினான். எங்கள் பக்கம் புதுப்பெண்ணானாலும் பிறந்த குழந்தையானாலும் புதிதாக வாங்கிய குதிரையானாலும் முதல் முறை பார்க்கிறவர் வெறுங்கையோடு பார்க்கக் கூடாது. பார்த்ததற்கு ஏதாவது கொடுத்தாக வேண்டும். அதுதான் கொரும்துக்.

"புதுசுக்குத்தாண்டா கொரும்துக். இந்த மூஞ்சியை நான் முப்பது வருஷமா பாத்துக்கிட்டிருக்கேன்" என்றேன்.

"அச்சுல பாத்திருக்கியா, சபிர்? எடு, எடு."

அவன் கடைக்கு அடுத்த கடை என்னுடையது. ஆப்ரிகாட், அக்ரூட், திராட்சை எல்லாம் உலர்ந்த சரக்கு. ஒரு கை அக்ரூட் அள்ளிக் கொடுத்தேன். அதை அவன் முகத்துக்குள்ளேயே போட்டு முடிச்சுப் போட்டுக்கொண்டு போனான்.

பை நன்றாக விற்றது. நானும் அதில்தான் ஆப்ரிகாட் கட்டிக் கொடுத்தேன். பொய் சொல்வானேன், என் சரக்கைவிட அவன் சிரிப்பு பளிச்சென்று இருந்தது. ஆனால் சந்தைக்குப் பின்னால் ஆக்-தால் ஆறு ஓடுகிறது. இரண்டு கரையிலும் வெள்ளை வில்லோ மரங்கள். வசந்தத்தில் பனி உருகி வெள்ளம் ஏறி இறங்கும்போது கிளைக்கொரு மஞ்சள் பை மாட்டிக்கொள்ளும். காற்று உள்ளே புகுந்தால் உப்பிப்போய்ச் சிரிக்கும். இந்த வருஷம் பாலத்தின் மேல் நின்று பார்த்தால் பள்ளத்தாக்கு நெடுக, மரத்துக்கு மரம், எர்கெஷ்.

"தேர்தல்ல நிக்கிறவங்களுக்குக்கூட இவ்வளவு விளம்பரம் கிடையாது" என்று அவனிடம் சொன்னேன். சந்தோஷப்பட்டான். அதுதான் அவன்.

ஆற்றைச் சுத்தம் செய்யக் கனிஷாய் என்ற பெண் ஒரு கூட்டம் சேர்த்து வைத்திருந்தாள். பல் மருத்துவமனையில் நர்ஸ். அவளும் பத்துப் பன்னிரண்டு பேரும் சனிக்கிழமை தோறும் ஆற்றங்கரையில் அஷார் நடத்துவார்கள். அஷார் என்றால் கூலி கிடையாது. வருகிறவர் வருவார், வேலை செய்வார், தேநீர் குடிப்பார், போவார். எர்கெஷின் மகள் சைகால் அந்தக் கூட்டத்தில் முதல் ஆள். அப்பன் முகத்தை மரத்திலிருந்து இறக்கி இறக்கி மூட்டை கட்டுவாள். எர்கெஷோ, "சும்மா வேலை செய்யறவங்களுக்கு வேலையோட விலை தெரியாது" என்று பல்லைக் குத்திக்கொண்டு கடையில் உட்கார்ந்திருப்பான்.

ஏப்ரல் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அந்தப் பல்குத்தி அவன் கையிலிருந்து விழுந்தது.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை சைகாலுக்குத் தோடு போடுவதாக ஏற்பாடு. மாப்பிள்ளையின் அம்மா வந்து பெண்ணின் காதில் தோடு போட்டு, இரண்டு வீட்டாரும் ஒரே ரொட்டியைப் பிய்த்துத் தின்றால் நிச்சயம் ஆயிற்று. மாப்பிள்ளை கெல்திபெக், ஆற்றின் கீழ்ப்பக்கத்துக் கும்-அரிக் கிராமம். பையன் இரண்டு தரம் வந்து போயிருக்கிறான். பெற்றவர்களை யாரும் இன்னும் பார்க்கவில்லை. அன்று காலை சைகால் கடைக்கு வந்து நின்றாள்.

"அப்பா, ஒண்ணு சொல்லணும். கெல்திபெக்கோட அப்பா என்ன வேலை பாக்கறார் தெரியுமா?"

"விவசாயம்னுதானே சொன்னே?"

"மடைக்காரர். கும்-அரிக் கால்வாய்க்குத் தண்ணி திறந்து விடறவர். மடை வாசல்ல கம்பித் தடுப்பு இருக்கு. தெனமும் காலையில அதுல அடைச்சுக்கிட்டு நிக்கறதைக் கையால பிடுங்கிப் போடறார். மூணு வருஷமா."

"எதைப் பிடுங்கறார்?"

"உங்களை."

எனக்குச் சிரிப்பு வந்தது. சைகால் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

"கெல்திபெக் எப்படி இங்க வந்தான்னு நினைச்சீங்க? இந்த மூஞ்சி எங்கேருந்து வருதுன்னு பாக்கத்தான் ஆத்தோடயே மேல ஏறி வந்தான். மரத்தடியில என்னைப் பாத்தான். தேடி வந்ததை மறந்துட்டான்."

"நல்லதுதானே? என் பையாலதான் கல்யாணமே..."

"போன வருஷம் கோடையில மடை அடைச்சு, அவங்க ஊர்ல பாதி வெங்காயம் காஞ்சு போச்சுப்பா. ஊரே அவரைத்தான் திட்டியிருக்கு. அன்னிக்கு ரொட்டி மேல கை வச்சுச் சத்தியம் பண்ணியிருக்கார், இந்த மூஞ்சிக்காரனோட உக்காந்து ரொட்டி பிய்க்க மாட்டேன்னு. அவருக்கு நீங்கதான் அதுன்னு தெரியாது." அவள் குரல் இறங்கிவிட்டது. "ரொட்டி மேல பண்ணின சத்தியத்தை அவர் மீற மாட்டார். அவரை மீறிக் கெல்திபெக் வர மாட்டான். அப்படி வந்தா எனக்கும் வேண்டாம்."

அவள் போன பிறகு எர்கெஷ் வெகுநேரம் தன் பைக் கட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். ஆயிரம் பேர் திரும்பிச் சிரித்தார்கள்.

"சபிர், பாலத்துலேருந்து என் வீடு வரைக்கும் வழி ஆத்தோரமாத்தானே வருது?"

"வேற வழி இல்லை. மரத்துக்கு மரம் நீயே நின்னு அவங்களை வரவேத்துடலாம்."

"ஞாயித்துக்கிழமைக்குள்ள ஒண்ணுகூட இருக்கக் கூடாது."

கூலிக்கு ஆள் வைத்தால் ஊருக்குத் தெரிந்துவிடும். அஷாருக்குச் சனிக்கிழமை வரை காத்திருக்க அவனுக்குப் பொறுமை இல்லை. வியாபாரியின் மூளை வியாபாரத்தைத்தான் யோசிக்கும். 'பத்து மஞ்சள் பைக்கு ஒரு கை ஆப்ரிகாட்' என்று அட்டையில் எழுதிப் பாலத்து முனையில் உட்கார்ந்துவிட்டான். ஆப்ரிகாட் யாருடையது என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். "முப்பது வருஷ சிநேகிதம்" என்றான்.

செவ்வாய்க்கிழமை பிற்பகல் பிரமாதமாகப் போயிற்று. சேறும் கிழிசலுமாகப் பைகள் வந்து குவிந்தன. புதன்கிழமை வரிசை பாலத்தைத் தாண்டிப் போயிற்று. ஆனால் சேறு குறைந்திருந்தது. வியாழக்கிழமை வந்த பைகளில் மடிப்பு கலையவில்லை. கறிக்கடை ஆசான் கொண்டுவந்த நாற்பது பையும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன, பிரித்தெடுக்க எச்சில் தொட வேண்டியிருந்தது.

"ஆத்துலேருந்து எடுத்ததா இது?" என்று எர்கெஷ் கேட்டான்.

"ஆத்துக்குப் போயிருக்க வேண்டியதுண்ணே. நான் வழியிலேயே நிறுத்திட்டேன்."

"எங்க வாங்கினே?"

"உங்க கடையிலதான். அண்ணி இருந்தாங்க."

எர்கெஷ் ஓடினான். கடையில் அவன் மனைவி துர்தகான் முகமெல்லாம் பூரிப்பு. "நீங்க ரெண்டு நாள் கடைப்பக்கம் வராததே நல்லதாப் போச்சு. இப்படி ஒரு வியாபாரம் நடந்ததே இல்லை!"

அது போதாதென்று, பாலத்தில் ஆப்ரிகாட் வாங்கியவர்கள் அதை எதில் வாங்கிப் போனார்கள்? பழக்கம் யாரை விட்டது. ஒரு மஞ்சள் பையில் வாங்கி, கரையில் உட்கார்ந்து தின்றுவிட்டு, பையை அங்கேயே விட்டுப் போயிருந்தார்கள். வியாழக்கிழமை மாலை மரங்களில் எர்கெஷ் முன்பைவிட அதிகமாகச் சிரித்தான்.

கனிஷாய் பாலத்துக்கு வந்து அட்டையைப் படித்தாள். பிறகு அதைக் கிழித்து, துண்டுகளை அவன் சட்டைப் பையிலேயே போட்டாள்.

"அஷாருக்கு விலை போட்டா அது சந்தையாயிடும், எர்கெஷண்ணே. சந்தையில என்ன நடக்கும்னு உங்களுக்கா சொல்லணும்?"

"என் பொண்ணு விஷயம், கனிஷாய்."

"தெரியும். சனிக்கிழமை காலையில வாங்க. கையுறை நான் தரேன். ஆப்ரிகாட் கொண்டுவராதீங்க." என் பக்கம் திரும்பினாள். "நீங்களும்தான் அண்ணே. உங்க கடைப் பழம் இல்லாம அந்தப் பை பாதி ஆத்துக்கு வந்திருக்காது."

சாட்சி சொல்ல வந்த என்னைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டாள்.

சனிக்கிழமை காலையில் எர்கெஷைப் பார்த்து நான் வழிவிட்டு நின்றேன், யாரோ வெளியூர்க்காரர் என்று. மீசையைக் காணோம். கல்பாக்குக்குப் பதில் மகளுடைய பின்னல் தொப்பி.

"அடையாளம் தெரியுதா?" என்று மெதுவாகக் கேட்டான்.

"சிரிக்காத வரைக்கும் தெரியலை."

கனிஷாய் ரப்பர் கையுறையை நீட்டினாள். "அந்தத் தங்கப்பல்லைக் கட்டினப்ப வாய்க்குள்ள விளக்குப் பிடிச்சவ நான். அதை மறைக்க என்ன பண்ணப் போறீங்க? நாளைக்குப் பூரா வாயை மூடிக்கிட்டு இருப்பீங்களா? அது முடியற காரியமா?"

உருகிய பனித் தண்ணீர். முழங்கால் வரை இறங்கினால் முழங்காலுக்குக் கீழே கால் இருப்பதே மறந்துபோகும். நாணல் புதரிலும் வேர்களிலும் இருந்து பைகளை இழுத்துக்கொண்டிருந்தோம். ஒரு கிழட்டு வில்லோவின் அடியில் வேர் முழுக்க மஞ்சளாக இருந்தது. எர்கெஷ் இழுத்தான், வரவில்லை. அப்போது ரப்பர் பூட்ஸ் போட்ட ஒரு மனிதர், ஐம்பத்தைந்து வயது இருக்கும், வெயிலில் கறுத்த கழுத்து, பேசாமல் தண்ணீரில் இறங்கி மறுபக்கம் பிடித்தார்.

"இழுக்காதீங்க. கிழியும். திருகுங்க. தண்ணி போற பக்கமே திருகினா தானா வரும்."

திருகினார்கள். வேர்க்கடியிலிருந்து ஏழெட்டு எர்கெஷ் ஒரே கொத்தாக வெளியே வந்தான்.

தன்மேல் யாருக்கும் சந்தேகம் வரக்கூடாது என்று எர்கெஷ் முந்திக்கொண்டான். "இவனைப் பாருங்க! ஊரைக் கெடுக்கறதுக்குன்னே பொறந்தவன். மூஞ்சியைப் பாத்தாலே தெரியலை? திருட்டு மூஞ்சி!"

"அப்படியா சொல்றீங்க?" என்றார் அந்த மனிதர்.

"மீசையைப் பாருங்க. நல்லவன் எவனாவது இப்படி மீசை வைப்பானா?"

நான் தண்ணீரில் குனிந்துகொண்டேன். சிரித்தால் தொலைந்தது.

"சேச்சே, அவ்வளவு தூரம் போக வேண்டாம்" என்றார் அவர். பையை நாணலில் விரித்து ஈரத்தை வழித்தார். "எனக்கும் முதல்ல கோவம்தான். ஆனா தெனம் விடிஞ்சதும் ஒருத்தன் நம்மளைப் பாத்துச் சிரிக்கறான். மழையானாலும் சிரிக்கறான், பனியானாலும் சிரிக்கறான். என் சம்சாரம்கூட அப்படிச் சிரிச்சதில்லை. இவனுக்கு எதுவும் தெரியாதுன்னு தோணும். தெரிஞ்சிருந்தா இப்படிச் சிரிப்பானா?"

அதன் பிறகு எர்கெஷ் திட்டவில்லை. இருவரும் மரம் மரமாகப் போய்த் திருகிக்கொண்டே இருந்தார்கள். எர்கெஷின் கை சிவந்து வெடித்திருந்தது. நான் கரையேறி இரண்டு தரம் மூச்சு வாங்கிக்கொண்டேன், அவன் ஒருதரம்கூட ஏறவில்லை. அவன் உடம்பால் வேலை செய்து நான் பார்த்ததே இல்லை. முப்பது வருஷம் பார்த்தும் ஒரு முகம் முழுக்கத் தெரிந்துவிடுவதில்லை.

பத்தரைக்குக் கனிஷாய் சமோவாரை வைத்துக்கொண்டு கூப்பிட்டாள். புல்லில் துணி விரித்து உட்கார்ந்தோம். அந்த மனிதர் தன் துணி மூட்டையிலிருந்து ஒரு வட்ட ரொட்டியை எடுத்தார். எர்கெஷைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ரொட்டியை இரண்டாகப் பிய்த்து, பெரிய பாதியை அவனிடம் நீட்டினார்.

எர்கெஷ் கடித்தான். பசி. வாய் நிறைய ரொட்டியோடு அவன் சந்தோஷமாகச் சிரித்தபோது, வெயிலில் அந்தப் பல் மின்னியது.

அப்போதுதான் சைகால் எதிர்க்கரையிலிருந்து வந்தாள். "அப்பா, பாத்துட்டீங்களா? இவர்தான் ஒரொஸ்மத் மாமா, கெல்திபெக்கோட அப்பா. நாளைக்கு வரதுக்கு முன்னாடி இன்னிக்கு அஷாருக்கு ஒரு கை குடுங்கன்னு நான்தான் கூப்பிட்டேன்."

எர்கெஷின் தாடை நின்றுபோனது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. ரொட்டியைத் துப்புவது எங்கள் ஊரில் கொலைக்கு அடுத்த பாவம்.

மடைக்காரர் தேநீரை ஊதிக் குடித்தார். "சம்பந்தியா? நல்லது" என்று மட்டும் சொன்னார். எழுந்து கையுறையை மாட்டிக்கொண்டு மறுபடி தண்ணீருக்குள் போனார்.

"கண்டுபிடிச்சிட்டாரா?" என்று எர்கெஷ் என் சட்டையைப் பிடித்தான்.

"தெரியலை."

"நாளைக்கு வருவாரா?"

"அதுவும் தெரியலை. ரொட்டியை முழுங்கு முதல்ல."

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு பழைய லாரி பாலத்தைத் தாண்டியது. ஆற்றோரம் நெடுக மரங்கள் வெறும் மரங்களாக நின்றன. எர்கெஷ் வாசலில், சுத்தமாக மழித்த முகத்தோடு, வாயை இறுக மூடிக்கொண்டு நின்றிருந்தான். யார் என்ன கேட்டாலும் தலையை மட்டும் ஆட்டினான்.

மாப்பிள்ளையின் அம்மா சைகாலின் காதைத் தொடுமுன், ஒரொஸ்மத் கையைத் தூக்கினார். "கொஞ்சம் இருங்க. எனக்கு ஒரு பாக்கி இருக்கு."

சைகாலின் கை துப்பட்டாவை முறுக்கியது.

கெல்திபெக் லாரியிலிருந்து ஒரு பெரிய சுருளைச் சுமந்துகொண்டு வந்து நடுவில் வைத்தான். கயிறு. மணிக்கட்டுத் தடிமன், நல்ல இறுக்கமான முறுக்கு, மஞ்சள். உற்றுப் பார்த்தால் முறுக்குக்கு முறுக்கு ஒரு கண், பாதி மீசை, ஒரு தங்கப்பல்.

"மூணு வருஷமா இந்த முகத்தைப் பாத்திருக்கேன்" என்றார் ஒரொஸ்மத். "ஒருநாளும் கொரும்துக் கொடுத்ததில்லை. வெறுங்கையோட பாத்தது தப்பு. பிடுங்கினதையெல்லாம் கழுவிக் காயவச்சுக் குளிர்காலத்துல முறுக்கினேன். நாப்பது கஜம் இருக்கு. வாங்கிக்கங்க, சம்பந்தி."

எர்கெஷ் வாயைத் திறந்தான். "உங்க சத்தியம்..."

"அதை நேத்தே உடைச்சுட்டேன். ரொட்டியோட சேத்து." அவர் மீசை லேசாக அசைந்தது. "மீசையை எடுத்துட்டா ஆளைத் தெரியாதா? நான் பாத்ததெல்லாம் மீசை கிழிஞ்ச படம்தான் பாதி. ஆறு மரம் உங்களோட திருகினேன். ஒருதரமாவது கரையேறிப் போவீங்களான்னு பாத்தேன். போகலை. அப்புறம்தான் ரொட்டியை எடுத்தேன்."

எர்கெஷ் சிரிக்கப் பார்த்தான், ஆனால் முகம் வேறு எதையோ செய்தது. கயிற்றின் ஒரு நுனியைக் கையில் எடுத்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டான். துர்தகான் தோட்டைச் சீக்கிரம் போடச் சொன்னாள், ரொட்டி ஆறிப்போகிறது என்று.

"கயிறு அலமாரியில வைக்கறதுக்கு இல்லை" என்று பாலோத் என்கிற இறைச்சிச் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டே ஒரொஸ்மத் சொன்னார். "உங்க சந்தைப் பாலத்தடியில, கரைக்குக் கரை, தண்ணி மட்டத்துல கட்டுங்க. வரது அதுல நிக்கும். தெனம் காலையில நீங்க எடுங்க. எனக்கு இடுப்பு போச்சு."

"வாரத்துக்கு ரெண்டு நாள்" என்றான் எர்கெஷ், வாய் தானாகத் திறந்து.

"தெனம்."

"மூணு நாள், அப்புறம் சனிக்கிழமை அஷார்."

"தெனம். அஷார் தனி."

"சம்பந்தி, கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க!"

"மூணு வருஷம் பாத்தாச்சு."

அவன் வாழ்நாளில் சொன்ன விலைக்கே ஒத்துக்கொண்ட பேரம் அது ஒன்றுதான். நானே சாட்சி.

மீசை மறுபடி வளர்ந்துவிட்டது. மஞ்சள் பை போய்விட்டது. இப்போது துணிப்பை தைத்து விற்கிறான். முகம் போடவில்லையா என்று கேட்டால், "வேண்டாம், எனக்குக் கூச்சம்" என்கிறான், முப்பது வருஷத்தில் நான் கேட்காத சொல். நான் ஆப்ரிகாட்டைக் காகிதப் பொட்டலத்தில் கட்டுகிறேன். காகிதம்தானே, தண்ணீரில் கரைந்துவிடும் என்று, பொட்டலத்தின் மேல் 'சபிர் பழக்கடை' என்று என் பேரையும் அச்சடித்துக்கொண்டேன்.

போன வாரம் ஒரு காலையில் கடையைத் திறந்துகொண்டிருந்தேன். எர்கெஷ் கால்சட்டையை முழங்கால் வரை மடித்துவிட்டு, தண்ணீர் சொட்டச் சொட்ட வந்து நின்றான். இரண்டு விரலில் ஒரு ஈரக் காகிதம் தொங்கிக்கொண்டிருந்தது. கரையவில்லை. என் பேர் ஒரு எழுத்துக்கூட அழியாமல் இருந்தது.

அதை என் தராசில் விரித்து வைத்துவிட்டு, தங்கப்பல் தெரியச் சிரித்தான். பிறகு கையை நீட்டினான்.

"கொரும்துக் எங்கே?"

ஒரு கை அக்ரூட் அள்ளினேன். அவன் கையை மடக்கவில்லை. இன்னொரு கையும் போட்டேன். அப்போதும் மடக்கவில்லை. அவன் கடை வாசலில் காய்ந்துகொண்டிருந்த இரண்டாவது ஜோடி ரப்பர் கையுறையைக் கண்ணாலேயே காட்டினான்.